லோரீன் ஷிமெக்கும் மூன்று ஓட்டக்காரர்களும்

லோரீன் ஷிமெக் முப்பத்தொரு வருடமாக ஆகஸ்ட் மாதத்தில் மதியச் சாப்பாட்டை வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. பெல்நாப் என்ற சின்ன ஊரில் அவள் வேலை பார்க்கும் தபால் ஆபீஸ் பன்னிரண்டு மணிக்குக் கதவைச் சாத்தி ஒரு மணிக்குத் திறக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருக்கும் வார்னெக் கல்லூரி மைதானத்துக்குப் போவாள். மேற்கு ஓரத்து மேப்பிள் மரத்தடியில் நாற்காலியை விரித்து, சாண்ட்விச்சைக் கடித்தபடி அமெரிக்க ஃபுட்பால் பயிற்சி பார்ப்பாள், பந்தைக் கையில் சுமந்து ஓடுகிற ஆட்டம். மடியில் ஒரு நோட்டு இருக்கும்.

அவள் கண் எப்போதும் ஓட்டக்காரர்கள் மேல்தான். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எதிரே மதில் மாதிரி நிற்கிற ஆட்களுக்கு நடுவே புகுந்து ஓடுகிறவன்தான் ஓட்டக்காரன். எத்தனை கஜம் முன்னேறினான் என்பதுதான் அவன் கணக்கு. பெல்நாப்பில் கவர்னர் பெயர் தெரியாதவர்கள் நிறைய உண்டு. வார்னெக் அணியின் ஓட்டக்காரன் பெயர் தெரியாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

லோரீன் முதலில் கவுன்ட்டர் வேலைக்கு வரவில்லை. தோளில் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகத் தபால் போடுகிற வேலைதான் பார்த்தாள். அவளுடைய கடைசித் தெரு மைதானத்தை ஒட்டி இருந்ததால் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் வந்தது. அப்போது ஊர் வாரப் பத்திரிகையான கூரியரில் விளையாட்டுப் பக்கம் எழுதிக்கொண்டிருந்த ஒருவர், சீசன் தொடங்கும் முன் ஓட்டக்காரர்களை உயரத்தையும் எடையையும் வைத்து வரிசைப்படுத்தியிருந்தார். சந்தையில் கன்றுக்குட்டி பார்க்கிற மாதிரி எழுதியிருக்கிறாரே என்று லோரீன் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஆசிரியர் வெண்டெல் காஸிக் அதைப் படித்துவிட்டுத் தபால் ஆபீசுக்கே வந்தார்.

"இவ்வளவு தெரிஞ்சா நீயே எழுதேன். ஐநூறு வார்த்தைக்கு மேல போகாதே."

அப்படி ஆரம்பித்தது. பிறகு முழங்கால் தேய்ந்து கவுன்ட்டருக்கு உள்ளே வந்துவிட்டாள். பயிற்சி பார்ப்பதை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஒரு புதன்கிழமை அவள் கட்டுரை வரும். இந்த வருடம் பந்தை யாரிடம் கொடுக்கலாம் என்று அவள் எழுதுவாள், ஊர் அதை வைத்து இரண்டு வாரம் சண்டை போடும்.

அந்த வருடம் சண்டைக்குத் தோதான வருடம். மூன்று சீசன் பந்தைச் சுமந்தவன் படிப்பு முடித்துப் போய்விட்டான். அந்த இடத்துக்கு மூன்று பேர் நின்றார்கள். கெல்லன் ரோடி பக்கத்துப் பண்ணைப் பையன், கடைசி வருடம் படிக்கிறவன், தோள் இரண்டும் களஞ்சியக் கதவு மாதிரி. ஜமாரி பிக்ஸ் ஒமாஹா நகரத்திலிருந்து வந்தவன், மூவரிலும் வேகக்காரன். மூன்றாமவன் இஸ்மாயேல் ஓரோஸ்கோ. உள்ளூர்ப் பையன், நடுத்தர உயரம், இரண்டாம் வருடம்.

லோரீன் கெல்லனை முதலில் வைத்தாள். "எப்போது கொடுத்தாலும் மூன்று கஜம் கொண்டு வருவான். பதின்மூன்று கேட்காதீர்கள்" என்று எழுதினாள். ஜமாரி இரண்டாவது. இஸ்மாயேல் கடைசி. "காலும் இருக்கிறது, கையும் இருக்கிறது. ஆனால் பந்தை வாங்கியதும் ஒரு கணம் நின்று யோசிக்கிறான். யோசிக்கிறவர்களுக்குக் கல்லூரியில் நூலகம் கட்டி வைத்திருக்கிறார்கள்." இந்தக் கடைசி வரியை எழுதி முடித்ததும் தானே ஒருமுறை சிரித்துக்கொண்டாள்.

பத்திரிகை வந்த புதன்கிழமை கவுன்ட்டரில் கூட்டம் குறையவில்லை. ஸ்டாம்ப் வேண்டாதவர்கள்கூட ஸ்டாம்ப் வாங்க வந்தார்கள். சோயா விவசாயி மெர்ல் துவோராக் பத்திரிகையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கெல்லனை முதல்ல போட்டே, சரி. ஆனா மாடு மாதிரி ஓடறான்னு எழுதியிருக்கியே லோரீன், அவன் அம்மா படிக்க மாட்டாளா?"

"மாடுன்னு எழுதலை மெர்ல். காளைன்னு எழுதினேன்."

"அவங்க மாட்டுப் பண்ணைக்காரங்க. வித்தியாசம் அவங்களுக்கு நல்லாவே தெரியும்."

வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். லோரீனுக்கு அந்த மாதிரி நாட்கள் பிடிக்கும். வருடம் முழுக்க முத்திரை குத்துகிற கைக்கு ஆகஸ்டில் ஒரு வாரம் இப்படி அமைந்தால் போதும் என்று நினைப்பாள்.

மறுநாள் வியாழக்கிழமை நாலு மணிக்கு மேல் கிரிசெல்டா ஓரோஸ்கோ வந்தாள். ஊர் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் வேலை. வெள்ளை மேல்சட்டையோடுதான் வருவாள், நெற்றியில் முடிக்குப் போடும் வலை பதிந்த கோடு இருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மெக்ஸிகோவில், குவாதலஹாராவில் இருக்கும் தங்கைக்குப் பார்சல் அனுப்புகிறவள். லோரீனுக்கு அவளைப் பல வருடமாகத் தெரியும், இஸ்மாயேல் அவள் மகன் என்பதும் தெரியும். ஆனால் ஓரோஸ்கோ என்ற பெயரைக் கட்டுரையில் எழுதியபோது கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற இந்த முகம் அவள் நினைவுக்கு வரவே இல்லை.

"வழக்கம் போலத்தானா?" என்று லோரீன் சுங்கப் படிவத்தை எடுத்தாள்.

"வழக்கம் போலத்தான். துணி, வைட்டமின் மாத்திரை. அப்புறம் ஒரு பேப்பர்."

"என்ன பேப்பர்? இதுல எழுதணும்."

"கூரியர். நேத்து வந்தது. மகன் பேர் அச்சுல வந்திருக்கில்லையா, தங்கச்சி பாக்கட்டும்."

லோரீனின் பேனா நின்றது. "அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியாது. அதனாலதான் அனுப்பறேன்."

கிரிசெல்டா சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. லோரீன் 'செய்தித்தாள், ஒன்று' என்று எழுதினாள். எடை பார்த்து, பட்டையை ஒட்டி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். கிரிசெல்டா ரசீதை மடித்தபடி அங்கேயே நின்றாள்.

"மிசஸ் ஷிமெக், ஒண்ணு கேக்கலாமா? பயிற்சியை நீங்க எங்க உக்காந்து பாக்கறீங்க?"

"மேற்குப் பக்கம். மரத்தடியில."

"நிழல் நல்லா இருக்குமே."

"இருக்கும்."

"எங்க சமையல்கட்டுப் பின்வாசல் கோல் கம்பத்துக்குப் பின்னால இருக்கிற வேலிகிட்ட திறக்குது. சாப்பாட்டுத் தட்டெல்லாம் மாடிக்குப் போனதும் நான் அங்க வந்து நிப்பேன். வெயில் மண்டையைப் பொளக்கும். ஆனா என் பையன் எதுக்கு நிக்கறான்னு அங்கிருந்து தெரியும்." கைப்பையை மூடினாள். "நூலகத்துக்கும் போறவன்தான் அவன். அதுக்குத்தானே காலேஜு."

போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் லோரீனின் புருஷன் டுவேன் தோட்டத்திலிருந்து இளஞ்சோளம் ஒடித்து வந்து வேகவைத்திருந்தான். டுவேனுக்கு ஃபுட்பாலில் ஒரு துளி ஆர்வமும் கிடையாது. கல்யாணமான புதிதில் ஒரு ஆட்டத்துக்குக் கூட்டிப் போனாள், பாதியில் தூங்கிவிட்டான். அதற்குப் பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுக்காமல் நிம்மதியாக இருந்தார்கள். அன்று லோரீன் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அவ மேல கோவமா இருக்கியா?" என்று கேட்டான் டுவேன்.

"இல்லை."

"அப்ப ஏன் சோளத்து மேல சர்க்கரை தூவறே?"

லோரீன் கையைப் பார்த்தாள். சர்க்கரைக் குப்பிதான். உப்புக் குப்பி டுவேன் பக்கத்தில் இருந்தது.

"அங்க போய் நின்னு பாத்துட்டு வாயேன்," என்றான். "கொஞ்ச தூரம் கூட நடக்கணும், அவ்வளவுதானே."

"அந்தக் கோடி வரைக்கும் நடக்கணும். என் முழங்கால் உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நாலு நாள் நீ இப்படிச் சர்க்கரை தூவிட்டிருந்தா என் நிலைமை என்னன்னும் தெரியும்."

வெள்ளிக்கிழமை மதியம் லோரீன் மரத்தடியைத் தாண்டி நடந்தாள். கோல் கம்பத்துக்குப் பின்னால் கம்பி வேலி, அதன் ஓரத்தில் காய்ந்த புல். வெயில் நேராகத் தலையில் விழுந்தது. நாற்காலியின் அலுமினியம் சுட்டது. இரண்டு ஓட்டம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தாள்.

மேற்குப் பக்கத்திலிருந்து பார்த்தால் முன்வரிசை ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஒரே மதிலாகத் தெரிவார்கள். இங்கிருந்து பார்த்தால் மதில் இல்லை. ஐந்து தடிப் பையன்கள் தனித்தனியாக ஐந்து பேரோடு மல்லுக்கட்டினார்கள். அவர்களுக்கு நடுவே வழி திறந்தது, மூடியது, இன்னொரு இடத்தில் திறந்தது. எல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரம்தான்.

கெல்லன் பந்தை வாங்கினான். வழி வலப்பக்கம் விரியத் திறந்து கிடந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு இடப்பக்கம், சொல்லிக்கொடுத்த இடத்தில், ஒரு ஆள் முதுகிலேயே போய் மோதினான். பாரத்தால் மூன்று கஜம் தள்ளினான். ஓரத்திலிருந்து பார்த்தபோது அதைத்தான் அவள் வீரம் என்று எழுதியிருந்தாள். ஜமாரி வழியைப் பார்த்தான், நம்பவில்லை, சுற்றிக்கொண்டு வெளியே ஓடினான். பறந்தான் என்றே சொல்லலாம். ஆனால் இரண்டு முறை அவனுக்கு உள்ளே திறந்த வழி வீணாகப் போனது.

பிறகு இஸ்மாயேல். பந்தை வாங்கினான், நின்றான். அவனுக்கு வழி திறந்துவிட வேண்டிய இடப்பக்கத்துத் தடியன் ஒருவன் திரும்பக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறவன். அவன் இடுப்பைத் திருப்பி எதிராளியை ஒதுக்கியதும் ஒரு தோள் அகலத்துக்கு வழி திறந்தது. இஸ்மாயேல் தோளைச் சாய்த்து அதற்குள் போய் எட்டு கஜம் தள்ளி வெளியே வந்தான். அடுத்த முறையும் அப்படித்தான். நிற்பது அவனுடைய குறை இல்லை, அவன் வேலையே அதுதான். முன்னால் இருக்கிறவன் திரும்பட்டும் என்று காத்திருக்கிறான்.

லோரீன் நோட்டை மூடினாள். முப்பத்தொரு வருடம் நிழலில் உட்கார்ந்து எழுதியாகிவிட்டது. யார் யாரைக் கடைசியில் வைத்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். ஐந்தாறு பெயருக்கு மேல் ஞாபகம் வரவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

பன்னிரண்டரைக்கு ஆஸ்பத்திரிப் பின்கதவு திறந்தது. கிரிசெல்டா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். கையில் சோள ரொட்டியில் சுருட்டிய பீன்ஸ். லோரீனைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"தொப்பி கொண்டு வந்திருக்கணும் நீங்க," என்றாள்.

"ஆமா." லோரீன் கையை நெற்றிக்கு மேல் மறைப்பாக வைத்தாள். "நீங்க சொன்னது சரிதான்."

"எது?"

"அவன் நிக்கறது."

"நூலகம்?"

"அது நான் எழுதியிருக்கக் கூடாது."

கிரிசெல்டா ஒரு வாய் கடித்து மென்றாள். மைதானத்தில் மறுபடி வரிசை கட்டினார்கள். இந்த முறை ஓட்டம் இல்லை, பந்தை எறிகிற ஆட்டம். எறிகிறவன் பக்கத்தில் நின்று, அவன்மேல் பாய வருகிறவனைத் தடுப்பது ஓட்டக்காரன் பொறுப்பு. இஸ்மாயேல் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான். எதிராளி ஒருவன் அவனைத் தாண்டிப் போனான். பயிற்சி என்பதால் எறிகிறவனை லேசாகத் தொட்டுவிட்டு விலகினான். உண்மை ஆட்டமாக இருந்தால் எலும்பு எண்ணவேண்டி வந்திருக்கும்.

"இதுவும் இங்கிருந்து நல்லாத் தெரியுது," என்றாள் லோரீன்.

"தெரியுது."

"பந்து கையில இல்லைன்னா விருந்துக்கு வந்தவன் மாதிரி நிக்கறான்."

"வீட்லயும் அப்படித்தான். சாப்பிட்டதும் பாத்திரம் கழுவ ஆளைத் தேடினா இருக்க மாட்டான்." கிரிசெல்டா கையைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்கு அதைப் பத்திப் பேச்சு இருக்கு."

அதற்குப் பிறகு வந்த நாட்களில் லோரீன் தொப்பியோடு வந்தாள். கிரிசெல்டா உள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். நடுவில் கம்பி வேலி. நோயாளிகள் என்ன சாப்பாடு வேண்டும் என்று குறிக்கிற சீட்டுகளின் பின்பக்கத்தில் கிரிசெல்டா மூன்று பெயரையும் எழுதிக் கோடு போட்டாள். யாருக்கு எத்தனை முறை வழி திறந்தது, எத்தனை முறை அதைப் பார்த்தான் என்று கணக்கு. லோரீன் எத்தனை கஜம் என்று எழுதினாள். மகனுக்குக் கோடு போடும்போது கிரிசெல்டா கை தாராளமாக இருக்கிறதா என்று லோரீன் ஓரக்கண்ணால் பார்த்தாள். இல்லை. ஒருமுறை தானே ஒரு கோட்டை அடித்தாள்.

"அதுல வழி திறக்கலை. முட்டிக்கிட்டுப் போனான். அதிர்ஷ்டம்."

ஆட்டம் இல்லாத இடைவெளியில் வேறு பேச்சும் வந்தது. கிரிசெல்டா இருபது வருடம் முன்பு பெல்நாப்புக்கு வந்தபோது இந்த விளையாட்டைப் பார்த்து, சண்டையைத் தடுக்க ஏன் யாரும் போகவில்லை என்று நினைத்தாளாம். லோரீன் முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அதே ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தபோது சாப்பிட்ட இறைச்சிக் குழம்பைக் குறை சொன்னாள். அதைச் சமைத்ததே தான்தான் என்றாள் கிரிசெல்டா. உப்பு குறைவாகப் போடச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார், தான் என்ன செய்ய முடியும் என்று கேட்டாள்.

முதல் ஆட்டத்துக்கு முந்தைய புதன்கிழமைக்கு லோரீன் இன்னொரு கட்டுரை கொடுத்தாள். மூன்று பேரையும் மறுபடி எடுத்து வைத்தாள். இது வரை ஓரத்திலிருந்து பார்த்து எழுதினேன், இப்போது பின்னாலிருந்து பார்த்தேன், இரண்டும் ஒன்றாக இல்லை என்று சுற்றி வளைக்காமல் எழுதினாள். இஸ்மாயேலை முதலில் வைத்தாள், ஆனால் பந்தை எறிகிற ஆட்டத்தில் அவனை வெளியே உட்கார வைக்கச் சொன்னாள். நூலகம் பற்றிய வரிக்கு மன்னிப்பும் கேட்டிருந்தாள். தனக்கு வழி காட்டியவர் இஸ்மாயேலின் அம்மா என்பதையும் மறைக்கவில்லை.

வெண்டெல் போன் செய்தார். "முப்பத்தொரு வருஷம் தப்பான இடத்துல உக்காந்திருந்தேன்னு நீயே எழுதறே. நான் அதை அச்சடிக்கணும்."

"ஆமா."

"ஊர் சும்மா விடாது."

"இத்தனை வருஷமா விட்டாங்களா என்ன?"

வெண்டெல் ஒரு வார்த்தையும் மாற்றாமல் போட்டார்.

ஊர் சும்மா விடவில்லைதான். மெர்ல் ஒரு மடக்கு நாற்காலியைத் தபால் ஆபீஸ் வாசலில் தப்பான பக்கம் பார்க்கும்படி, தெருவுக்கு முதுகு காட்டி வைத்துவிட்டுப் போனார். ஆனால் லோரீனைச் சுட்டது வேறு ஒருவர் சொன்னது. அணியின் கோச் பிரென்ட் ஹாகெமன், அடுத்த வருடத்துக்கு ஆள் பிடிக்கப் பள்ளி மாணவர்களுக்குக் கடிதம் அனுப்ப இரண்டு சுருள் ஸ்டாம்ப் வாங்க வந்தார்.

"படிச்சேன்," என்றார். "அந்தக் கோல் கம்பத்துக்குப் பின்னாலதான் நாங்க தினமும் கேமரா வைக்கறோம். ஏணி மேல ஒருத்தன் நிப்பானே, பாத்ததில்லையா?"

"பாத்திருக்கேன். விளக்கு மாத்தறவன்னு நினைச்சேன்."

கோச் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்டாம்பை எண்ணாமல் எடுத்துப் போனார். யாரை இறக்கப்போகிறார் என்று சொல்லவில்லை, லோரீன் கேட்கவும் இல்லை.

சனிக்கிழமை ஒரு மணிக்கு ஆட்டம். ஐயோவா மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி வந்திருந்தது. லோரீன் தன் வழக்கமான நடு இருக்கையை விட்டுவிட்டு, கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் தாழ்ந்த பெஞ்சுக்குப் போனாள். கிரிசெல்டா முன்பே வந்து இடம் பிடித்திருந்தாள். மஞ்சள் சட்டை போட்டு, உதட்டுச் சாயம் பூசியிருந்தாள். வெள்ளை மேல்சட்டை இல்லாமல் அவளை லோரீன் முதல்முறையாகப் பார்த்தாள்.

முதலில் இறங்கியவன் கெல்லன். கோச் யார் கட்டுரையையும் வைத்து அணி அமைப்பவர் இல்லை. கெல்லன் மோதி மோதி மூன்று, மூன்று, நான்கு என்று கொண்டு வந்தான், அந்த மோதல் எதிரணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களைப்படைய வைத்தது. அதைப் பயிற்சியில் யாரும் கணக்கெடுத்திருக்க முடியாது என்று லோரீன் மனதுக்குள் ஒத்துக்கொண்டாள். ஜமாரி ஒரே ஒரு முறை வெளியே சுற்றி நாற்பத்தொரு கஜம் ஓடினான், மைதானமே எழுந்து நின்றது. இஸ்மாயேலுக்கு ஆட்டத்தின் இரண்டாவது கால் பகுதியில்தான் பந்து கிடைத்தது. நின்றான், போனான், ஏழு கஜம். நின்றான், போனான், ஒன்பது. நான்காவது முறை எதிராளி ஒருவன் பின்னாலிருந்து கையை விட்டுப் பந்தைத் தட்டிவிட்டான். பந்து புல்லில் உருண்டது, எதிரணி அதன்மேல் விழுந்து எடுத்துக்கொண்டது.

கிரிசெல்டா ஸ்பானிய மொழியில் நீளமாக ஏதோ சொன்னாள்.

"என்ன சொன்னீங்க?"

"சர்ச்சுக்குப் போற பொம்பளை உங்ககிட்ட அதைச் சொல்லக் கூடாது."

இடைவேளைக்குப் பிறகும் கோச் அவனை இறக்கினார். மூன்றாவது கால் பகுதியில், பந்தை எறிகிற ஒரு முறை, எதிரணியின் தடியன் ஒருவன் தனியாக உள்ளே பாய்ந்தான். இஸ்மாயேல் குறுக்கே போய் நெஞ்சைக் கொடுத்தான். இருவரும் மல்லாந்து விழுந்தார்கள். பந்து தலைக்கு மேலே பறந்து எல்லைக் கோட்டுக்கு அப்பால் நின்ற வார்னெக் ஆள் கையில் போய் விழுந்தது, ஆறு புள்ளி. எல்லாரும் பந்தைப் பிடித்தவனைப் பார்த்துக் கத்தினார்கள். அந்தப் பெஞ்சில் இருந்த இரண்டு பெண்கள் மட்டும் புல்லில் கிடந்தவன் எழுந்திருப்பதைப் பார்த்தார்கள். எழுந்து, வாயிலிருந்து புல்லைத் துப்பினான்.

"பாத்திரம் கழுவினானா?" என்றாள் லோரீன்.

"ஒரு வாரம். ராத்திரிக்கு ராத்திரி."

வார்னெக் மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. அந்த சீசன் முழுக்க மூவரும் பந்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அணி ஆறு ஆட்டம் ஜெயித்தது, நாலு தோற்றது. பெல்நாப் அதற்கு மேல் ஆசைப்படுகிற ஊர் இல்லை.

அடுத்த ஆகஸ்டில் கூரியரில் ஒரே பக்கத்தில் இரண்டு கட்டுரை வந்தது. இடப்பக்கம் லோரீன் ஷிமெக், வலப்பக்கம் கிரிசெல்டா ஓரோஸ்கோ. கிரிசெல்டா ஸ்பானிய மொழியில் யோசித்துத் தனக்கு வந்த ஆங்கிலத்தில் சொல்ல, லோரீன் கவுன்ட்டர் மூடியபிறகு உட்கார்ந்து அதைச் சீராக்கி எழுதினாள். கெல்லன் படிப்பு முடித்துப் போயிருந்தான். லோரீன் இஸ்மாயேலை முதலில் வைத்திருந்தாள், ஜமாரியை இரண்டாவதாக. கிரிசெல்டா ஜமாரியை முதலில் வைத்து, மகனை இரண்டாவதாக வைத்தாள்.

"நிஜமாவா?" என்று லோரீன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நிஜமாத்தான். அந்தப் பையன் இப்ப நிக்கக் கத்துக்கிட்டான். நின்னுட்டு அந்த வேகத்துல ஓடினா என் பையனால என்ன பண்ண முடியும்?"

"இஸ்மாயேல் என்ன சொல்லுவான்?"

"எழுதுங்க நீங்க."

இஸ்மாயேல் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மதியம் பயிற்சி முடிந்து வேலியோரம் வந்து, தண்ணீர்க் குப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அம்மாவைப் பார்க்காமல் லோரீனைப் பார்த்துக் கேட்டான்.

"மிசஸ் ஷிமெக், எங்க அம்மாவையும் உங்க பழைய மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போக முடியுமா?"

கிரிசெல்டா தலை நிமிராமல் சீட்டில் அன்றைய கோடுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஜமாரிக்குப் பதினொன்று, இவனுக்குப் பத்து.